பழைய மினிவேனுக்குப் பதிலாக அடுத்ததைத் தேடியபோது தெரிந்துகொண்டவை

குடும்பத்துக்கு மினிவேன் தேடுகிறோம் என்று யாரிடம் சொன்னாலும் உடனே ஒரு கம்பெனி பெயர் பதிலாக வரும். "அதை எடுங்க, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் தேடி, பல வண்டிகளை ஓட்டிப் பார்த்து, மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டி, ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிற நான் சொல்வது இதுதான்: பெயரை மட்டும் நம்பி வண்டி எடுக்காதீர்கள். எந்த வருஷத்து மாடல், எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், இதுவரை வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார், இந்த நாலும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில்கூட ஒரு வருஷத்து வண்டி அருமையாக ஓடும், இன்னொரு வருஷத்து வண்டி கியர்பாக்ஸ் தொல்லைக்கே பெயர்போனதாக இருக்கும்.

வீட்டில் நாங்கள் ஏழு பேர். நானும் கணவரும், மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார். பழைய மினிவேனில் கியர் நழுவ ஆரம்பித்தது. மேடு ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கியர்பாக்ஸைக் கழற்றிச் சரிசெய்ய ஆகும் செலவு, அந்த வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையைவிட அதிகம் என்றார் மெக்கானிக். அதற்காக மட்டும் வண்டியைக் கைவிட வேண்டும் என்பதில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் கியர்பாக்ஸை மாற்றிவிட்டு இன்னும் சில வருஷம் ஓட்டுவதுதான் பல நேரம் மலிவு. எங்களை முடிவெடுக்க வைத்தது துரு. லிஃப்டில் தூக்கிப் பார்த்தபோது பின் சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேமிலும், ஸ்லைடிங் டோருக்குக் கீழே ஓடும் ஓரத் தகட்டிலும் துரு உள்ளே வரை போயிருந்தது. மினிவேனுக்கு லாரி மாதிரி தனி சேஸி (அடிச்சட்டகம்) கிடையாது, பாடிதான் சேஸி. அது அரித்துப் போனால் புது கியர்பாக்ஸ் போட்டும் பயனில்லை. எஞ்சினை, கியர்பாக்ஸை மாற்றலாம், துருப்பிடித்த அடிப்பாகத்தை மாற்ற முடியாது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடும் இடங்களில் இருப்பவர்கள் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்.

பெரிய எஸ்யூவி எடுத்துவிடலாம் என்று கணவருக்கு ஒரு ஆசை இருந்தது. இரண்டு மூன்றைப் போய்ப் பார்த்தோம். மாமியாருக்கு முழங்கால் வலி. அந்த உயரத்துக்கு ஏற, கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கத்தான் வேண்டியிருந்தது. மினிவேனில் தரை தாழ்வு, கதவு பக்கவாட்டில் நகர்வதால் நெருக்கமான பார்க்கிங்கிலும் முழு வாசல் கிடைக்கும். அப்புறம் மூன்றாவது வரிசை. பல எஸ்யூவிகளில் அது பெயருக்குத்தான், உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், பின்னால் பெட்டி வைக்கவும் இடம் இருக்காது. மினிவேனில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஆழமான பள்ளம் இருக்கும். ஏழு பேரும் உட்கார்ந்த பிறகும் பெட்டிகள் நிற்கும். "ஏம்மா, எனக்கு ஏறி இறங்க முடியற வண்டியா பாரு, மத்தது உங்க இஷ்டம்" என்று மாமியார் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி வண்டிகளுக்கு வருகிறேன். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வண்டி விற்பார்கள் (ஜப்பானில் விற்ற ஹோண்டா ஒடிஸியும் வட அமெரிக்காவில் விற்பதும் ஒன்றல்ல), அதனால் நான் பேசுவது வட அமெரிக்க மாடல்களைப் பற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் நான்கு பெயர்கள்தான் நின்றன: டொயோட்டா சியென்னா, ஹோண்டா ஒடிஸி, கியா கார்னிவல், கிரைஸ்லர் பசிஃபிகா.

ஒடிஸியை ஓட்டியபோது எனக்கு ரொம்பப் பிடித்தது. 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின், நல்ல இழுவை, வளைவில் கார் மாதிரியே போகிறது. 2018 மாடலிலிருந்து நடு வரிசை இருக்கைகளைப் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். சண்டை போடும் இரண்டு பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. ஆனால் வருஷம் பார்த்து எடுக்க வேண்டும். 1999 முதல் 2004 வரையிலான ஒடிஸிகள் கியர்பாக்ஸ் கோளாறுக்குப் பெயர்போனவை. 2018, 2019 மாடல்களில் விலை குறைந்த வகைகளுக்கு 9 கியர், மேல்வகைகளுக்கு 10 கியர், 2020 முதல் எல்லாவற்றுக்கும் 10 கியர் என்று ஆனது. கியர் மாறுவது 10 கியரில்தான் எனக்கு மென்மையாகத் தெரிந்தது, அதனால் 2020-க்குப் பிந்தையதையே தேடினோம். இன்னொன்று, எரிபொருள் மிச்சப்படுத்த லேசாக ஓடும்போது சில சிலிண்டர்களை நிறுத்தும் ஏற்பாடு அதில் உண்டு. 2008-ஐ ஒட்டிய சில வருஷ வண்டிகளில் இதனால் ஆயில் குடிப்பதும் ஸ்பார்க் பிளக் கரி பிடிப்பதும் நடந்து வழக்கு வரை போனது.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்க வைப்பது) இருக்கிறது, செயின் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய ஒடிஸி வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டரில் அதை மாற்றியாக வேண்டும், குறைவாக ஓடியிருந்தாலும் வருஷக் கணக்கில் பழையதாகிவிட்டால் மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வுகளில் பிஸ்டன் போய் இடிக்கும், எஞ்சின் போய்விடும். மாற்றும்போது வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் முறை, ஏனென்றால் அங்கே போய்ச் சேருவதற்கான கூலிதான் பெரிது. 1,50,000 ஓடிய ஒடிஸியை ஒருவர் மலிவாகக் கொடுக்கிறார் என்றால், பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பசிஃபிகாவின் பெரிய பலம் நடு இருக்கைகள் தரைக்குள்ளேயே மடங்கிப் போவது. கிரைஸ்லர்தான் 1983 கடைசியில் வட அமெரிக்காவில் மினிவேன் என்ற வகையையே பிரபலமாக்கியது, இந்த மடங்கும் இருக்கையை 2005 மாடலில் கொண்டுவந்ததும் அவர்கள்தான். மற்ற பல வண்டிகளில் கனமான இருக்கையைக் கழற்றித் தூக்கி எங்காவது வைக்க வேண்டும். சாமான் ஏற்றும் வேலை அடிக்கடி இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும் அதை எடுக்க. 3.6 லிட்டர் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் பொருத்தும் பாகம் கசிவதும், வால்வுப் பக்கத்தில் டக்டக் சத்தம் வருவதும் பரவலாகச் சொல்லப்படுகிறவை, பார்க்கப் போனால் அந்த இரண்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். அதன் பிளக் இன் ஹைப்ரிட் வகையை (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) சார்ஜ் செய்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடும், பள்ளிக்கூடம், கடை எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் பேட்டரி இருப்பதால் நடு இருக்கை தரைக்குள் போகாது. 2017, 2018 ஹைப்ரிட் வண்டிகளை 2022-ல் தீப்பிடிக்கும் அபாயம் என்று திரும்ப அழைத்தார்கள், சரிசெய்யும் வரை வெளியே, கட்டடங்களை விட்டுத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அந்த வருஷத்து வண்டியை நினைப்பவர்கள் இந்த வேலை முடிந்ததற்கான காகிதம் இல்லாமல் பேச்சையே தொடங்க வேண்டாம்.

கார்னிவல் 2022 மாடலாக வந்தது. கியாவின் பழைய மினிவேனான செடோனாவின் வாரிசு. உள்ளே இடமும் சொகுசும் தாராளம், எஞ்சின் 290 குதிரைத்திறன், மாமனாருக்கு இதுதான் பிடித்தது. 2023-ல் அதன் தானியங்கி ஸ்லைடிங் டோர் மூடும்போது கை மாட்டினால் போதுமான அளவு விலகவில்லை என்று திரும்ப அழைத்தார்கள். எங்களைத் தடுத்தது அதுவல்ல. பத்துப் பதினைந்து வருஷம் ஓடி, கிலோமீட்டர் ஏறிய பிறகு எப்படி இருக்கும் என்று சொல்ல இந்த மாடலுக்கு இன்னும் வயசாகவில்லை, நாங்களோ ஒரு வண்டியை அது விழும் வரை ஓட்டுகிறவர்கள்.

சியென்னா 2021-லிருந்து ஹைப்ரிட் மட்டும்தான். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சினோடு மோட்டார்கள், மொத்தம் 245 குதிரைத்திறன். எட்டுப் பேர் ஏறிய வண்டியை மேட்டில் முடுக்கினால் சத்தம் போடும், அதை மறைக்க முடியாது. ஆனால் நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை, பெல்ட்டோ சங்கிலியோ வைத்த சிவிடியும் (படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி கியர்பாக்ஸ்) இல்லை. கோள்கள் மாதிரி நடுச் சக்கரத்தைச் சுற்றும் பற்சக்கரத் தொகுதி ஒன்றும் இரண்டு மோட்டார்களும்தான், நழுவ கிளட்ச் இல்லை. தனி ஆல்டர்னேட்டர், தனி ஸ்டார்ட்டர் இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொடுப்பதால் பிரேக் பேடுகள் நீண்ட நாள் வரும். ஹைப்ரிட் என்றாலே பேட்டரி போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: டொயோட்டா ஹைப்ரிட்களில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் வண்டிக்குள்ளே, இருக்கை ஓரமாக இருக்கும். பிள்ளைகள் உள்ள வண்டியில் அதன் முன்னால் ஜாக்கெட், பை, பொம்மை எல்லாம் குவியும், தூசி அடையும், பேட்டரி சூடாகும். அதைத் திறந்தே வைத்து, அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்வது செலவில்லாத வேலை. இந்தத் தலைமுறை சியென்னாவில் நடு இருக்கையை நாமே கழற்றி எடுக்க முடியாது, பக்க ஏர்பேக் அதில் இருக்கிறது. எங்களுக்கு அது பெரிய குறை. கணவர் வேலைச் சாமான்களை வார இறுதியில் ஏற்றுவார்.

அதனால் கடைசியில் நாங்கள் எடுத்தது 2020 சியென்னா, வி6 கடைசியாக வந்த வருஷம். 3.5 லிட்டர், டைமிங் செயின், 8 கியர், நடு இருக்கையைக் கழற்றலாம். எரிபொருள் ஹைப்ரிட்டைவிட நிச்சயம் அதிகம் குடிக்கும், தெரிந்தேதான் எடுத்தோம். நாலு சக்கர இழுவை வேண்டாம் என்று முன்சக்கர இழுவையே எடுத்தோம். அந்தத் தலைமுறையில் நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கு ரன்ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) வரும், ஸ்டெப்னி கிடையாது. ஏழு பேரோடு ராத்திரியில் டயர் வெடித்து, அந்த அளவு ரன்ஃபிளாட் எந்தக் கடையிலும் இல்லாமல் நிற்பதைவிட, பனிக்கு நல்ல டயர் நாலு போட்டுக்கொள்வது மேல் என்பது என் எண்ணம். இப்போது வரும் பல புது வண்டிகளிலும் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் அடைக்கும் பசை டப்பாதான் கொடுக்கிறார்கள். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும் நாளைப் பற்றி. நாங்கள் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் ஏதோ சத்தத்தை மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான் உண்மை தெரியும், செயின் சத்தம், புகை, டக்டக் எல்லாம் அப்போதுதான். கியர்பாக்ஸையும் குளிர்ந்த நிலையிலேயே, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸிலும் டிரைவிலும் போட்டுப் பாருங்கள். போட்டதற்கும் வண்டி பிடிப்பதற்கும் நடுவே இடைவெளி விழுந்தால், அல்லது தட்டென்று குத்தினால் நல்ல அறிகுறி இல்லை. அப்புறம் 60லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மட்டும் மிதித்து ஓட்டுங்கள். சின்னச் சின்ன மேடுகள் மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வந்தால் அது பெரும்பாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பிரச்சினை. வேகமாக ஓட்டினால் இது தெரியாது, அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பது எதையும் நிரூபிக்காது, காலையில்தான் அழித்திருப்பார்கள். கோளாறுக் குறியீட்டை அழித்தால் வண்டியின் சுயசோதனைகளும் சேர்ந்து அழியும், சில நாள் ஓட்டினால்தான் அவை முடியும். ஸ்கேனரில் அந்தச் சோதனைகள் பலவும் முடியவில்லை என்று காட்டினால், எதற்காக அழித்தீர்கள் என்று நேராகக் கேட்கலாம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு வண்டியை இதை வைத்தே நாங்கள் விட்டுவிட்டு வந்தோம். வெளியே பளபளவென்று இருந்தது, கணவருக்கு மனசே இல்லை.

டயரின் ஓரத்தில் உள்ள குறியீட்டின் கடைசி நாலு எண்கள் தயாரித்த வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். நாலும் நாலு கம்பெனி, நாலு வருஷம் என்றால் சொந்தக்காரர் எப்படிப் பராமரித்திருப்பார் என்று புரியும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் கை விட்டுப் பாருங்கள்.

மினிவேனுக்கே உரிய இரண்டு விஷயங்களில் கொஞ்சம் அதிக நேரம் செலவழிப்பது நல்லது. முதலாவது ஸ்லைடிங் டோர். கம்பி, ரோலர், மோட்டார், சென்சார் என்று ஒரு குடும்பத்து வண்டியில் அதிகம் உழைப்பது அதுதான். 2011 முதல் 2016 வரையிலான சியென்னாக்களை, ஓடும்போதே கதவு திறந்துகொள்ளும் அபாயம் என்று 2016-ல் திரும்ப அழைத்தார்கள். நல்ல பெயருள்ள வண்டியிலேயே இது நடந்தது. இரண்டு கதவையும் சாவி ரிமோட்டிலும், உள் பொத்தானிலும், கைப்பிடியிலும், மோட்டாரை அணைத்துவிட்டுக் கையாலும் திரும்பத் திரும்பத் திறந்து மூடுங்கள். வண்டியைச் சரிவில் நிறுத்தியும் ஒருமுறை பாருங்கள், சமதளத்தில் ஒழுங்காக மூடுகிற கதவு சரிவில் திணறும். கதவு வேலை செய்யாவிட்டால் வண்டி நின்றுபோகாது, அதனால் பலர் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமியாரால் கனமான கதவை இழுக்க முடியாது, கடைக்குட்டியின் விரல் நடுவே இருக்கும். எங்கள் வீட்டுக்கு எஞ்சினுக்கு அடுத்தது கதவுதான்.

இரண்டாவது பின்பக்க ஏசி. அதற்கான குழாய்கள் வண்டியின் அடியிலேயே நீளமாக ஓடும், சாலை உப்பிலும் கல்லிலும் அடிபட்டு அரிக்கும், கசியும். முன் ஏசி ஜில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு துவாரத்திலும் கை வைத்துப் பாருங்கள், ஹீட்டரையும் போட்டுப் பாருங்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே தலைசாய்ப்பான் எட்டுகிறதா, பெல்ட் சரியாகப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற விபத்துச் சோதனை அமைப்பு 2023-ல் இரண்டாவது வரிசைப் பயணியின் பாதுகாப்பை வைத்து இந்த நாலு மினிவேன்களையும் சோதித்தபோது ஒன்றுக்குக்கூட நல்ல மதிப்பெண் கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுவதற்கென்றே இருக்கும் வண்டிகள், எனக்கு அதைப் படித்துக் கோபமே வந்தது. உங்கள் வீட்டுக் குழந்தை இருக்கைகளைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு மூன்றாவது வரிசைக்குப் போக வழி இருக்கிறதா என்பது காகிதத்தில் தெரியாது.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்று. எட்டுப் பெரியவர்கள், ஆளுக்கு 70 கிலோ என்றால் 560 கிலோ ஆகிவிட்டது. பல மினிவேன்களின் வரம்பு அதிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. எட்டு இருக்கை என்பதற்காக எட்டுப் பேரையும், கூரை மேல் பெட்டியையும், பின்னால் டிரெய்லரையும் சேர்த்து ஏற்றினால் முதலில் அடிவாங்குவது கியர்பாக்ஸும் டயரும்தான். எங்கள் பழைய வண்டி அப்படித்தான் சீக்கிரம் தேய்ந்தது என்று மெக்கானிக் சொன்னார்.

ரசீதுகளைப் பற்றி. நாங்கள் எடுத்த வண்டியின் சொந்தக்காரர் ஒரு கோப்பையே நீட்டினார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டரோடு. அதைவிடக் குறைவாக ஓடிய, விலையும் குறைந்த இன்னொரு வண்டி இருந்தது, காகிதம் எதுவும் இல்லை, 'எல்லாம் பண்ணியிருக்கேன்' என்ற வார்த்தை மட்டும். நாங்கள் கூடுதல் கொடுத்துக் கோப்பு உள்ளதை எடுத்தோம். வாங்கும் முன் நம் செலவில் நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டியாக வேண்டும், அதற்குச் சம்மதிக்காத விற்பவரிடம் நேரம் வீணாக்க வேண்டாம். வண்டியின் அடையாள எண்ணான, 17 எழுத்து-எண்கள் கொண்ட வின் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் முடிக்காமல் விட்ட ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்துச் செய்யும் பழுதுவேலை) இருந்தால் காட்டும். அந்த வேலையை டீலர் இலவசமாகவே செய்து தருவார், வண்டி எத்தனையாவது கை என்று பார்க்க மாட்டார்.

வாங்கின கையோடு எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றிவிட்டோம், கோப்பில் இருந்தாலும்கூட. கியர்பாக்ஸ் ஆயிலை 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று பல கம்பெனிகள் எழுதுகின்றன. யாருடைய ஆயுள் என்று எங்கள் மெக்கானிக் கேட்டார். ஏழு பேரைச் சுமக்கும் வண்டிக்கு 1,00,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றச் சொன்னார், அதுவும் கம்பெனி குறிப்பிட்ட அதே வகை ஆயிலில். வேறு வகை ஊற்றினால் மாற்றாமல் விடுவதைவிட மோசமாகிவிடும் என்றார். எங்கள் வண்டிக்கு அது வரும் கோடையில் வருகிறது, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.